உலோகம் எங்கே போயிற்று என்று ஒரு வார்த்தை கேளுங்கள்

கன உலோகங்களால் நரம்புச் செல்களுக்கு வரும் கேட்டைத் தாவரச் சாறு தடுக்கிறது என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. செல் வளர்ப்பு அறையில் 11 வருடம் வேலை பார்த்தவன். மீடியம் (செல்கள் வளரும் சத்து நீர்) மாற்றுவது, செல்களை எண்ணிப் பிளேட்டில் போடுவது, ரீடரில் வைத்து எண்களை எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. கட்டுரை எழுதுவதெல்லாம் மற்றவர்கள். ஆனாலும் ஒரு கட்டுரையில் நான்காவது பெயராக என் பெயரும் அச்சில் இருக்கிறது. காரீயம் நரம்புச் செல்களுக்குச் செய்யும் சேதத்தை ஒரு செடியின் இலைச்சாறு தடுக்கிறது என்பது அதன் சாரம். எந்தச் செடி என்று இங்கே சொல்லப்போவதில்லை. தப்பு செடியுடையது அல்ல.

போன மாதம் அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயத்தை உருக்கி எடுக்கும் இடத்தில் வேலை செய்கிறாராம். மூன்று வயது மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ததில் காரீயம் டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021-இல் இருந்து 3.5-ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர் கேட்டது இரண்டே கேள்விகள். இந்தச் சாற்றை ஒரு நாளைக்கு எத்தனை மில்லி கொடுக்கலாம்? எத்தனை மாதம் கொடுக்க வேண்டும்?

அந்தக் கேள்விகளுக்கு எங்கள் கட்டுரையில் பதில் இல்லை. ஆனால் பதில் இருப்பது போன்ற ஒரு தோற்றம் இருக்கிறது. அந்தத் தோற்றம் எப்படி உண்டாயிற்று என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பிளேட்டுகளைப் போட்டவன் நான்தான். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்தது எம்டிடி சோதனை. உங்களுக்குத் தெரியாதது இல்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைச் செல்கள் மேல் ஊற்றுவோம். உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக மாற்றும், செத்த செல் மாற்றாது. ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு செல் பிழைத்திருக்கிறது என்று கணக்கு. 96 குழி பிளேட், நான்கு மணி நேரம் இன்குபேட்டரில், பிறகு 570 நானோமீட்டரில் வைத்துப் படிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகிய வேலை.

அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு செய்த ஒரு நாளில் கடைசி வரிசையில் செல் போட மறந்துவிட்டேன். மீடியம் இருந்தது, சாறு போட்டிருந்தேன், சாயமும் போட்டிருந்தேன், செல் மட்டும் இல்லை. திறந்து பார்த்தால் அந்த வரிசையும் ஊதா. சாறு அதிகமாக இருந்த குழியில் நல்ல கத்திரிப்பூ நிறம், குறைய குறைய வெளுத்துக்கொண்டே வந்தது. பிளேட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு உயிர்கூட இல்லாத இடத்தில் 'செல் பிழைத்திருக்கிறது' என்று பிளேட் சொல்லிக்கொண்டிருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. இலைச்சாற்றில் பாலிஃபீனால்கள் நிறைய. அவை எலக்ட்ரானை எளிதில் கொடுத்துவிடும் பொருட்கள். ஆன்டிஆக்சிடன்ட் என்று அவற்றைக் கொண்டாடுவதே அந்தக் குணத்துக்காகத்தான். அதே குணத்தால் அவை அந்தச் சாயத்தையும் நேரடியாக ஊதாவாக்கிவிடும், செல்லின் தயவு தேவையில்லை. இது என் கண்டுபிடிப்பும் அல்ல. தாவரச் சாறுகள் இந்தச் சோதனையில் பொய் ஊதா காட்டும் என்று 20 வருடத்துக்கும் மேலாக எழுதப்பட்டு வருகிறது. சாயம் ஊற்றும் முன் சாற்றைக் கழுவி எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். நாங்கள் கழுவவில்லை. வரிசையைக் காட்டியபோது, "அடுத்த முறை கழுவிக்கொள்ளலாம்" என்றார்கள். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த எண்கள்தான் கட்டுரைக்குப் போயின. நானும் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

அது என் பங்கு. இனி உங்கள் பங்கு.

காரீயம் ஒரு தனிமம். அதை எந்த இலையும் எரிக்காது, செரிக்காது, வேறொன்றாக மாற்றாது. பாக்டீரியாவைக் கொல்லலாம், நஞ்சான கரிமச் சேர்மத்தைக் கல்லீரல் உடைக்கலாம். காரீயத்தை உடைக்க வழியில்லை. ஆகவே சாறு செல்லைக் காப்பாற்றியது என்றால் முதல் கேள்வி, அந்த உலோகம் எங்கே போயிற்று என்பதாகத்தான் இருக்க வேண்டும். செல்லுக்குள் போகாமல் வெளியிலேயே நின்றதா? உள்ளே போன பிறகும் சேதம் குறைந்ததா? உள்ளே போனது வெளியே வந்ததா? இல்லை, எல்லாம் பழையபடி நடந்து, அளவுகோல்தான் நம்மை ஏமாற்றியதா? நான்கும் நான்கு வெவ்வேறு செய்திகள். எங்கள் கட்டுரையைப் பார்த்த மூன்று மதிப்பாய்வாளர்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. ஆங்கிலத்தைச் சரிசெய்யச் சொன்னார்கள். இரண்டு படங்களைப் பெரிதாக்கச் சொன்னார்கள்.

வெளியிலேயே நிற்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு நீங்கள் ஆய்வகத்துக்குக்கூடப் போக வேண்டாம், உங்களுக்கு வரும் கட்டுரைகளின் முதல் அட்டவணையைப் பார்த்தால் போதும். சாற்றில் என்னென்ன இருக்கிறது என்று தொடக்கச் சோதனைகள் வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள், ஃபீனால் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? சாற்றில் லெட் அசிடேட் என்ற காரீய உப்பின் கரைசலைச் சொட்டு சொட்டாக விடுவார்கள். கலங்கி, திரிதிரியாகப் படிவு இறங்கினால் 'உண்டு' என்று கூட்டல் குறி. அதாவது அந்தச் சாறு காரீயத்தைப் பிடித்து அடியில் தள்ளுகிறது என்று முதல் அட்டவணையிலேயே நிரூபித்துவிட்டார்கள். மூன்றாவது படத்தில் அதே சாற்றையும் அதே லெட் அசிடேட்டையும் ஒரே குழியில் ஊற்றிவிட்டு, செல் சாகவில்லையே என்று வியக்கிறார்கள்! இந்த வேடிக்கையை நான் பல கட்டுரைகளில் பார்த்துவிட்டேன். எங்களுடையதும் அதில் ஒன்று.

குழியின் அடியில் படிந்த காரீயம் செல்லைத் தொடவில்லை, சரி. அதற்குப் பெயர் நரம்புப் பாதுகாப்பு அல்ல. தண்ணீரில் படிகாரம் போட்டால் கலங்கல் தெளிவது மாதிரியான ஒரு காரியம் அது. சாற்றைச் செல்களுக்கு முந்தைய நாள் கொடுத்துவிட்டு, நன்றாகக் கழுவி, அதன் பிறகு காரீயத்தைப் போட்டுப் பாருங்கள் என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். ஒரு வாரத்து வேலை.

அடுத்தது அளவு. நாங்கள் குழிகளில் போட்டது 50 மைக்ரோமோலார் காரீயம். கேட்க ரொம்பச் சின்னதாக இருக்கும். மருத்துவர் எழுதும் அலகுக்கு மாற்றிப் பாருங்கள்: டெசிலிட்டருக்கு 1,000 மைக்ரோகிராமைத் தாண்டுகிறது. உலோகத்தைப் பிடித்து உடம்பிலிருந்து வெளியேற்றும் செலேஷன் மருந்தைக் குழந்தைகளுக்குத் தொடங்கலாமா என்று யோசிக்கிற எல்லையே 45. அந்த மூன்று வயதுக் குழந்தையின் 19 என்பது ஒரு மைக்ரோமோலாரைக்கூடத் தொடவில்லை. அதிலும் ரத்தத்தில் உள்ள காரீயத்தில் மிகப் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் பூட்டிக்கிடக்கும், நூற்றில் ஒரு பங்குபோலத்தான் பிளாஸ்மாவில் மிதக்கும். இவ்வளவு கொஞ்சத்தில், வருடக்கணக்கில், செல் சாகாமலேயே நடக்கும் கேடு அது. நாங்கள் பார்த்ததோ வெள்ளம் புகுந்து 24 மணி நேரத்தில் பாதிச் செல்கள் செத்து மிதந்த கதை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால் ஒன்றாகிவிடுமா?

சாற்றின் அளவும் இதே ரகம்தான். மஞ்சளில் உள்ள குர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். செல் வளர்க்கும் தட்டில் 10, 20 மைக்ரோமோலார் என்று தாராளமாகப் போடுவார்கள். மனிதர்களுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்த ஒரு பரிசோதனையில் ரத்தத்தில் ஏறிய உச்சமே சராசரியாக 2 மைக்ரோமோலாருக்கும் கீழே. மூளைக்கு எவ்வளவு போகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். குடல் கொஞ்சத்தைத்தான் உள்ளே விடும், கல்லீரல் அதையும் உருமாற்றிவிடும், அதற்கு மேல் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர். தட்டில் இதில் எதுவும் கிடையாது. பைபெட்டால் எடுத்து நேராகச் செல்லின் தலையில் ஊற்றுகிறோம்.

செல் என்று சொல்லும்போது இன்னொன்று. தலைப்பில் 'நரம்புச் செல்' என்று போடுகிறோமே, பல கட்டுரைகளில் அது பிசி12. 1976-இல் எலியின் அட்ரினல் சுரப்பிக் கட்டியிலிருந்து உருவாக்கிய செல் வரிசை. இன்னொரு பிரபலமான எஸ்எச்-எஸ்ஒய்5ஒய், ஒரு குழந்தைக்கு வந்த நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயிலிருந்து வந்தது. இவற்றை நான் குறை சொல்ல மாட்டேன், சோறு போட்ட செல்கள். முதல் கட்டச் சோதனைக்கு நல்லவைதான். ஆனால் ஓயாமல் பெருகிக்கொண்டிருக்கும் புற்றுச் செல்லும், பிறந்தது முதல் பெருகாமல் ஒரே இடத்தில் இருந்துகொண்டு ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் மூளை நரம்புச் செல்லும் ஒன்றல்ல. தலைப்பில் 'எலி அட்ரினல் கட்டிச் செல்களில்' என்று போட வைத்தீர்களானால் பாதிப் பேர் அந்தக் கட்டுரையை மருந்தாக நினைத்துப் படிக்க மாட்டார்கள்.

காரீயம் மூளையில் என்ன செய்கிறது என்று பார்த்தால் எங்கள் சோதனை எவ்வளவு குறுகலானது என்பது இன்னும் நன்றாகப் புரியும். அது கால்சியம் போல வேஷம் போடும். கால்சியத்துக்கான வாசல்கள் வழியே உள்ளே நுழையும், கால்சியம் உட்கார வேண்டிய புரதங்களில் போய் உட்காரும். கற்பதற்கும் நினைவுக்கும் அடிப்படையான என்எம்டிஏ ஏற்பியைத் தடுக்கும். குழந்தையின் மூளையில் எந்த இணைப்பு நிலைக்க வேண்டும், எது உதிர வேண்டும் என்று முடிவாகிற வயதில் இந்த வேஷக்காரன் நடுவில் புகுந்து சைகைகளைக் கலைத்துவிடுகிறான். ஆக்சிஜனேற்றச் சேதமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பல கிளைகளில் ஒன்று. ஆன்டிஆக்சிடன்ட் அந்தக் கிளையைக் கவனிக்கலாம். என்எம்டிஏ ஏற்பியில் உட்கார்ந்திருப்பவனை அது எழுப்பிவிடாது. பாதரசத்தின் கதை வேறு. மெத்தில் பாதரசம் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தோடு கைகோத்துக்கொண்டு மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் போலத் தோற்றம் காட்டி, மூளையின் வாசல்வழியே ராஜமரியாதையோடு உள்ளே போகும். மாங்கனீஸ் மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகளில் சேர்ந்து நடையையும் பேச்சையும் கெடுக்கும்; 1837-லேயே கூப்பர் என்பவர் அதைத் தொழிலாளர்களிடம் பார்த்து எழுதிவைத்தார். இத்தனை விதமான திருடர்களுக்கும் ஒரே பூட்டு என்று எழுதும் கட்டுரைகள் உங்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

சரி, தட்டை விடுங்கள், எலியில் செய்திருக்கிறோமே என்பார்கள். எலிகளுக்கு எப்படிக் கொடுக்கிறார்கள் என்று முறைப் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் காரீயமும் வாய்வழி, சாறும் வாய்வழி, அதே நாளில், சில சமயம் அரை மணி நேர இடைவெளியில். அப்போது இரண்டும் சந்திக்கும் இடம் மூளை அல்ல, குடல். அங்கேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றியிருந்தால் மூளை தப்பும்தான். அதுவும் பயனுள்ள செய்தியாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் 'குடலில் காரீயம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது' என்பதும் 'நரம்புச் செல்லைக் காக்கிறது' என்பதும் ஒன்றா? முதலாவதை நம்பினால் மருந்தை நஞ்சோடு சேர்த்தே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நம் குழந்தைக்கு நஞ்சு ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டது. எலியின் மூளையில் எவ்வளவு காரீயம் இருந்தது என்று அளந்து எழுதினால் இந்தக் குழப்பமே வராது. பல கட்டுரைகளில் அந்த எண் இருக்காது. நொதிகளின் எண்கள் பக்கம் பக்கமாக இருக்கும்.

குடலில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. டானின்கள் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதையும் தடுக்கும். இரும்புச்சத்து குறைந்த உடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். இரண்டும் நன்கு நிறுவப்பட்ட உண்மைகள். சேர்த்துப் பார்த்தால், டானின் நிறைந்த ஒரு சாற்றை ஒரு குழந்தைக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் கடைசியில் கணக்கு எந்தப் பக்கம் சாயும்? இந்தக் கேள்வியையாவது கட்டுரையின் விவாதப் பகுதியில் எழுதச் சொல்லலாமே.

இப்போது நான் ரொம்ப நேரம் யோசித்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். சக்சிமர் என்று ஒரு செலேஷன் மருந்து. 1991-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு அனுமதி பெற்றது. காரீயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். அதில் சந்தேகம் இல்லை. அதை வைத்து 1990-களில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் 780 குழந்தைகள், ரத்தக் காரீயம் 20 முதல் 44 வரை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. மருந்து கொடுத்தவர்களுக்கு ரத்தக் காரீயம் சட்டென்று இறங்கியது. மருந்தை நிறுத்தியதும் மறுபடி கொஞ்சம் ஏறியது, ஏனென்றால் எலும்பில் சேர்ந்திருந்தது ரத்தத்துக்கு வந்தது. இன்னொரு பக்கம், மருந்து கொடுக்காத குழந்தைகளுக்கும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. போகப் போக இரண்டு கூட்டத்துக்கும் இடையிலிருந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. மூன்று வருடம் கழித்து அறிவுத்திறன், நடத்தை எல்லாவற்றையும் சோதித்தார்கள். 2001-இல் முடிவு வெளியானது: மருந்து எடுத்த குழந்தைகளுக்கு எந்த நன்மையும் தெரியவில்லை. ஏழு வயதில் மறுபடி பார்த்து 2004-இல் எழுதினார்கள். அப்போதும் அதே முடிவுதான்.

இதை ஒரு நிமிடம் அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காரீயத்தை வெளியேற்றும் என்று உறுதியாகத் தெரிந்த, தூய்மையான, அளவு தெரிந்த ஒரு மருந்து. 780 குழந்தைகள். அவ்வளவுக்குப் பிறகும் கெட்டுப்போன மூளைச் செயல்பாட்டைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அப்புறம் நாங்கள் ஒரு இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறே ஆறு குழிகளில் போட்டுவிட்டு, கடைசிப் பத்தியில் 'காரீய நச்சுக்கு நம்பிக்கையூட்டும் சிகிச்சை' என்று எழுதுகிறோம். நீங்கள் அதை அச்சிடுகிறீர்கள்.

மருந்தில்லாதவர்களுக்கும் காரீயம் இறங்கியதே, அது இன்னொரு பாடம். ரத்தத்தில் உள்ள காரீயத்தின் அரை ஆயுள் ஒரு மாதம்போலத்தான்; எலும்பில்தான் பல பத்தாண்டுகள். காரீயம் வரும் வழியை அடைத்தாலே ரத்த எண் தானாக இறங்கத் தொடங்கும். அந்தச் சமயத்தில் எந்த இலையைக் கொடுத்தாலும் அந்த இலைக்குப் பெயர் வந்துவிடும். ஒப்பீட்டுக் கூட்டம் இல்லாமல் வரும் மனிதப் பரிசோதனைகளை நீங்கள் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செடிகளோடு எனக்குப் பகை இல்லை. அல்சைமர் நோய்க்கு இன்று கொடுக்கும் கலான்டமின், பனித்துளிப் பூச்செடியின் குடும்பத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அது எப்படி வந்தது? சாறாக வரவில்லை. ஒற்றை மூலக்கூறைப் பிரித்தெடுத்து, எந்த நொதியைத் தடுக்கிறது என்று கண்டு, அளவு நிர்ணயித்து, மனிதர்களில் சோதித்து வந்தது. காரீய விஷயத்திலும் மனிதர்களில் நேர்மையாகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஈரானில் கார் பேட்டரித் தொழிற்சாலையில் வேலை செய்த 117 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குப் பூண்டும் இன்னொன்றுக்கு பெனிசிலமின் என்ற செலேஷன் மருந்தும் நான்கு வாரம் கொடுத்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். பூண்டு எடுத்தவர்களுக்கும் ரத்தக் காரீயம் குறைந்தது. சின்ன ஆய்வு, குறுகிய காலம், மூளைச் செயல்பாடு பற்றிய பெரிய உரிமைகோரல் எதுவும் இல்லை. ஆனால் எடுத்துக்கொண்ட கேள்வி சரியான கேள்வி: உடம்பில் உள்ள உலோகம் குறைந்ததா? அதற்கு ஏற்கெனவே இருக்கும் மருந்தோடு ஒப்பிட்டார்கள். இந்த மாதிரி பத்து வந்தால், தட்டில் செய்த ஆயிரத்துக்கு மேல்.

சாற்றுக்குள்ளேயே உலோகம் இருந்தால் என்ன செய்வது? சிரிக்காதீர்கள். நினைவாற்றலுக்குப் பேர்போன நீர்ப்பிரமியை எடுத்துக்கொள்ளுங்கள். காட்மியம் முதலிய உலோகங்களிலிருந்து நரம்பைக் காக்கிறது என்று அதன் மேல் கட்டுரைகள் உண்டு. அதே செடி மாசுபட்ட தண்ணீரிலிருந்து காட்மியத்தையும் காரீயத்தையும் நன்றாக உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் என்பதால் நீரைச் சுத்திகரிக்க உதவுமா என்று ஆராய்ந்த கட்டுரைகளும் உண்டு. இரண்டு வகைக் கட்டுரைகளையும் எழுதுபவர்கள் ஒருவரையொருவர் படிப்பதில்லை போலிருக்கிறது. அமெரிக்காவில் விற்பனையில் இருந்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள்; 14-இல் காரீயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. சிலவற்றில் அது தெரிந்தே சேர்க்கும் மூலப்பொருள், சிலவற்றில் மண்ணிலிருந்து வந்திருக்கும். மஞ்சள் தூளுக்கு நிறம் ஏற்ற லெட் குரோமேட் கலந்து பிடிபட்ட சம்பவங்கள் தனி. காரீயத்துக்கு மருந்தென்று தேடிப் போகிறவர் கையில் காரீயமே வந்து சேரலாம். கட்டுரையில் பயன்படுத்திய சாற்றில் எந்த உலோகம் எவ்வளவு இருந்தது என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, கட்டாயமாக்குங்கள்.

பிடித்து வெளியே கொண்டுவருகிறது என்று சொல்பவர்களிடம், கொண்டுபோய் எங்கே விடுகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லூயிசைட் என்ற ஆர்செனிக் நச்சு வாயுவுக்கு முறிமருந்தாக ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது டைமெர்கப்ரால். ஆர்செனிக்குக்கு நல்ல மருந்து. ஆனால் மெத்தில் பாதரசத்துக்கு அதைக் கொடுக்கக் கூடாது. பாதரசத்தைப் பிடித்து மூளைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் ஆபத்து உண்டு. உலோகத்தைப் பிடிப்பது என்பது பாதி வேலைதான். 'இயற்கையான செலேட்டர்' என்று தலைப்பு போடுகிறவர்கள் மீதிப் பாதியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

சரி, நான் கேட்பது என்ன? புதிதாக ஒரு நெறிமுறை வேண்டாம். சாற்றின் வேதியியலை எப்படி விவரிக்க வேண்டும் என்று 2022-லேயே கான்ஃபைஎம்பி வழிகாட்டுதல் வந்துவிட்டது, விலங்கு ஆய்வுகளுக்கு அரைவ் வழிகாட்டுதல் 2010-இல் இருந்து இருக்கிறது. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் துறைக்கே உரிய சிலவற்றைக் கேளுங்கள். செல் இல்லாத குழிகளின் எண்களைக் காட்டச் சொல்லுங்கள், அன்று எனக்குத் தவறிக் கிடைத்த அந்த வரிசையை எல்லோரும் வேண்டுமென்றே போடட்டும். செல்லுக்குள் எவ்வளவு உலோகம், மீடியத்தில் எவ்வளவு, அடியில் படிந்தது எவ்வளவு என்று, உலோகத்தை நுணுக்கமாக அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளந்து எழுதச் சொல்லுங்கள். மூன்றையும் கூட்டினால் போட்ட அளவு வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ ஓட்டை. சாற்றை உலோகத்துக்கு முன்னால் கொடுப்பதோடு நிற்காமல், உலோகம் ஏறி ஒரு நாள் கழிந்த பிறகும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிஜ வாழ்க்கையில் மனிதர்கள் வருவது அந்த வரிசையில்தான். பக்கத்திலேயே சக்சிமரை வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு மைக்ரோமோலாருக்குக் கீழே, வாரக்கணக்கில் வைத்து, சாவைப் பார்க்காமல் செயல்பாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக, தோற்றுப்போன சாறுகளையும் அச்சிடுங்கள். இத்தனை வருடத்தில் 'இந்த இலை காப்பாற்றவில்லை' என்று ஒரு தலைப்பை நான் பார்த்ததாக நினைவில்லை. எல்லா இலையும் எப்படி ஜெயிக்கிறது என்ற சந்தேகம் உங்களுக்கு வரவே இல்லையா?

இவ்வளவும் கேட்டால் செலவு கூடும், கட்டுரைகள் குறையும் என்பீர்கள். குறையட்டுமே. இளம் ஆராய்ச்சியாளர்களின் பட்டம் இதில் தொங்குகிறது என்பது எனக்கும் தெரியும், அவர்களோடுதான் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களை மிரட்டச் சொல்லவில்லை. 'குறிப்பிட்ட சாறு காரீயத்தோடு வீழ்படிவாகிறது, அதனால் செல்லுக்குள் போகும் அளவு குறைகிறது' என்று அவர்கள் நேர்மையாக எழுதினால் அதையும் மதித்து வெளியிடுங்கள். குடிநீரிலிருந்து காரீயத்தை எடுக்க அந்தச் செய்தி யாருக்காவது பயன்படலாம். 'பாதுகாப்பு' என்ற சொல்லைப் போட்டால்தான் கட்டுரை ஏறும் என்ற நிலைமையை உண்டாக்கியதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

பேட்டரிக்காரருக்கு நான் பதில் எழுதிவிட்டேன். அந்தச் சாற்றைக் கொடுக்க வேண்டாம், எங்கள் கட்டுரை மனிதர்களைப் பற்றியதே அல்ல என்று முதல் வரியிலேயே சொன்னேன். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே குளித்து மாற்றிக்கொள்ளச் சொன்னேன், காரீயத் தூள் பெரும்பாலும் அந்த உடுப்பிலும் செருப்பிலும் தலைமுடியிலும்தான் வீட்டுக்குள் வரும். அந்தத் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், குழந்தையின் கையை அடிக்கடி கழுவிவிட வேண்டும் என்றும் எழுதினேன். மருத்துவரிடம் போய் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லி, ரத்தப் பரிசோதனையை எப்போது மறுபடி செய்வது என்று கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அவர் உடனே ஒரு பதில் போட்டார்: "அப்போ உங்க கட்டுரை எதுக்கு சார்?"

அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு, செல் இல்லாத வரிசையில் கிடைத்த எண்களோடு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பிளேட்டின் எண்கள் என் பழைய நோட்டில் இன்னும் இருக்கின்றன. கட்டுரையில் பெயருள்ள மற்றவர்களில் இரண்டு பேர் சம்மதித்துவிட்டார்கள், ஒருவர் யோசிக்கிறேன் என்றிருக்கிறார். குறிப்பு உங்களில் ஒருவரின் மேசையில்தான் இருக்கிறது. இன்றோடு ஐந்து வாரம்.

இப்படிக்கு,
நான்காவது பெயர்க்காரன்